மருத்துவப் படிப்பும் குடும்பத்தின் கணக்கும்

கோபுரம் கட்ட விரும்பிய ஒருவரைப் பற்றி இயேசு ஆண்டவர் கூறிய உவமையை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கட்டத் தொடங்குமுன் அவர் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும். அடித்தளம் இட்டபின் கைப்பொருள் தீர்ந்துவிட்டால் ஊரவரின் ஏளனத்துக்கு ஆளாக நேரிடும். நான்கு நற்செய்தியாளர்களுள் லூக்கா ஒருவரே இவ்வுவமையைப் பதிவுசெய்துள்ளார். அதே லூக்காவைத் தூய பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் மருத்துவர் என்று அன்போடு குறிப்பிடுகிறார்.

இவ்வுவமை முதன்மையாகச் சீடத்துவத்தின் விலையைப் பற்றியது. ஆயினும் ஆண்டவர் எடுத்துக்கொண்ட உதாரணம் வீட்டுக் கணக்கிலிருந்தே வந்தது. க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் நமது கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் இக்கணக்கு எழுகிறது. பிள்ளையை மருத்துவராக்க எந்த வழியைத் தெரிவது, அதன் செலவை யார் தாங்குவது என்பதே அது. மருத்துவர் ஒருவரின் எழுதுகோல் நமக்குத் தந்த உவமையை முன்வைத்து இவ்வாரம் அதனைச் சிந்திப்போம்.

தீவகத்தின் ஏக்கம்

இவ்வேக்கத்தை வெறும் பெருமையாசை என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் உள்ளவர்கள் பண்ணைத் தாம்போதி வழியாகவேனும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடையலாம். நயினாதீவில் உள்ளவர் படகேறிப் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்த பின்னரே வாகனம் ஏற முடியும். நெடுந்தீவிலிருந்து அதே துறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட தாய்க்கும், நெஞ்சுவலி கண்ட முதியவருக்கும் காற்றும் கடலும் இணங்கினால்தான் வழி பிறக்கும். இவற்றைக் கண்டு வளரும் பிள்ளை மருத்துவராக வேண்டும் என்று கனவு காண்பதில் வியப்பில்லை.

மருத்துவரை மதிக்குமாறும், நிலத்திலிருந்து மருந்துகளை உண்டாக்கியவர் ஆண்டவரே என்று உணருமாறும் சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. ஆகவே ஆசை நல்லதே. ஆனால் நல்ல ஆசைக்கும் செலவு உண்டு. அச்செலவு நீதியானதா என்ற கேள்வியும் உண்டு.

இலவசமாய்த் திறந்த வாசல்

இலங்கையில் மருத்துவராவதற்கு மிகக் குறைந்த செலவுள்ள வழி, அரச பல்கலைக்கழகமே. கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம், கடற்றொழிலாளியின் பிள்ளையும் கட்டணமின்றிப் பட்டம் பெறும் வாய்ப்பை உருவாக்கியது. யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. ஐந்தாண்டுப் படிப்பும் அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் நிறைவுற்றால் பதிவுபெற்ற மருத்துவர்.

வாசல் இலவசம், ஆனால் மிக ஒடுக்கமானது. அனுமதிகளில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. நெடுந்தீவு மாணவியும் யாழ் நகரின் முன்னணிக் கல்லூரி மாணவியும் ஒரே யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளேயே எண்ணப்படுகின்றனர். ஒருத்திக்குத் தனியார் வகுப்பு அடுத்த தெருவில். மற்றவளுக்கு அது கடலுக்கு அப்பால். இந்த வேறுபாட்டை வெட்டுப்புள்ளி அறியாது.

இவ்வாசலில் நுழைந்தவர்க்கும் விடுதி, உணவு, நூல்கள் எனச் செலவுகள் உண்டு. 1981இல் ஏற்படுத்தப்பட்ட மகாபொல புலமைப்பரிசிலும் பல்கலைக்கழக நிதியுதவியும் அதில் ஒரு பங்கைத் தாங்கும். எஞ்சியதைச் சிக்கனமான குடும்பம் தாங்கிவிடலாம். உண்மையான சோதனை, வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளையின் வீட்டிலேயே தொடங்குகிறது.

புள்ளி குறைந்தபோது

அத்தகைய ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தந்தை கடற்றொழில் செய்பவர். மூத்த மகள் திருமணத்துக்குக் காத்திருக்கிறாள். மகன் இரண்டாம் முறையும் தோற்றி, மருத்துவபீடத்தைச் சிறிது இடைவெளியில் தவறவிட்டிருக்கிறான். மேசையில் இரண்டு தாள்கள் கிடக்கின்றன. ஒன்று வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு ஆள்சேர்க்கும் முகவரின் துண்டுப்பிரசுரம். மற்றது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூல். அதில் சித்த மருத்துவப் பட்டப்படிப்புக்கு அவனுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. "என்ன விலை குடுத்தாலும் எங்கடை பிள்ளை டொக்டராக வேணும்" என்கிறார் தாய். தந்தை காணி உறுதி இருக்கும் பெட்டியைப் பார்க்கிறார்.

முதல் தாளைக் கணக்கிடுவோம். முகவர் சொல்லும் தொகை பெரும்பாலும் கல்விக்கட்டணம் மட்டுமே. விடுதி, உணவு, விசா, காப்புறுதி, விமானச்சீட்டு ஆகியவற்றை ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளுக்குக் கூட்ட வேண்டும். கட்டணம் டொலரில் இருப்பதால் ரூபாவின் வீழ்ச்சியையும் சேர்க்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஆண்டுக் கட்டணம் 5,000 டொலர் என்று வைத்துக்கொண்டால், பத்து இலட்சம் ரூபா இரண்டே மாதங்களில் பதினெட்டு இலட்சமாயிற்று. பிள்ளை நடுக்கடலில், படகோ கடனில் என்ற நிலை அன்று பல குடும்பங்களுக்கு நேர்ந்தது.

பணத்தால் தீராத இடர்களும் உண்டு. பெருந்தொற்றின்போது சீனா தன் எல்லையை மூடியதால், 2020 முதல் 2022 வரை அங்கு பயின்ற வெளிநாட்டு மருத்துவ மாணவர் பலர் வீட்டிலிருந்து திரைவழியே படிக்க நேர்ந்தது. நோயாளியின் கட்டிலருகே கற்க வேண்டியதைத் திரை கற்பிக்காது. 2022இல் உக்ரேனிலிருந்த மாணவர்கள் போரினால் வெளியேறினர்.

பட்டத்தோடு நாடு திரும்பினாலும் பயணம் முடிவதில்லை. அக்கல்லூரி இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். மாணவர் உயர்தரத்தில் சபை வகுத்த குறைந்தபட்சத் தகைமையைக் கொண்டிருக்க வேண்டும். பின்னர் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். முன்னர் அக்ட் 16 என்றும், இன்று ஈ.ஆர்.பி.எம். என்றும் வழங்கும் இப்பரீட்சைக்காகக் காத்திருக்கும் காலத்திலும் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

அங்கீகாரம் என்னும் சொல்லின் பாரத்தை உள்நாட்டிலேயே கண்டோம். மாலபேயிலிருந்த சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரியின் பட்டதாரிகளைப் பதிவுசெய்ய மருத்துவ சபை மறுத்தது. வழக்குகளும் 2017இன் வேலைநிறுத்தங்களும் நாட்டை உலுக்கின. ஈற்றில் அந்நிறுவனம் ஒழிக்கப்பட்டு, அதன் மாணவர்கள் 2018இல் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டனர். நியாயம் எப்பக்கம் என்ற விவாதம் ஒருபுறமிருக்க, பெருந்தொகை செலுத்திய பெற்றோர் ஆண்டுக்கணக்காக உறக்கமின்றிக் கிடந்தனர் என்பதில் ஐயமில்லை.

இனி இரண்டாம் தாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984 முதல் சித்த மருத்துவத்தைக் கற்பித்து வருகிறது. அதன் களம் கைதடி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் இப்படிப்பு உண்டு. கல்விக்கட்டணம் இல்லை. ஐந்தாண்டுப் படிப்பு, அதன்பின் உள்ளகப் பயிற்சி, ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு என்பது ஒழுங்கு. ஆனால் இதனையும் மிகைப்படுத்தாமல் கணக்கிட வேண்டும். சித்த மருத்துவப் பட்டதாரி மேற்கத்தைய மருத்துவராகப் பதிவுபெற முடியாது. சத்திரசிகிச்சை நிபுணராக முடியாது. அரச நியமனத்துக்காகக் காத்திருக்கவும் நேரலாம். சித்த மருத்துவத்தை நேசிப்பவர்க்கு இது முழுமையான அழைப்பு. டொக்டர் என்னும் முன்னொட்டை மட்டும் தேடுபவர்க்கோ இது ஏமாற்றமாகவே முடியும். மலிவானது என்பதற்காக மட்டும் ஒரு வழியைத் தெரிவதும், விலையுயர்ந்தது என்பதற்காக மட்டும் ஒன்றை மதிப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

மூன்றாவது தாள் ஒன்றும் உண்டு. அது பலர் கண்ணில் படுவதில்லை. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தில் மூன்று முறை தோற்றலாம். தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய பட்டப்படிப்புகளும் யாழ்ப்பாணத்தில் உள்ளன. நோயாளிக்குப் பணிபுரிவதே நோக்கமாயின், அந்நோக்கத்துக்குக் கதவுகள் பல.

கடல் கடந்த வீட்டிலும் இதே கேள்வி

மேற்சொன்ன குடும்பத்தின் கட்டணத்தைச் செலுத்தப்போவது பெரும்பாலும் வெளிநாட்டிலுள்ள அண்ணனோ மாமனோதான். 1990களின் இடப்பெயர்வுக்குப் பின் தீவகத்து மக்கள் கனடா, பிரான்ஸ், பிரித்தானியா எனச் சிதறினர். அவர்களது பிள்ளைகளும் இன்று வளர்ந்துவிட்டனர். வட அமெரிக்காவிலுள்ள அவ்வீடுகளிலும் மருத்துவப் படிப்பின் கணக்கு எழுகிறது. அங்கு அது சிலவேளை ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி என்னும் பெயரில் வருகிறது.

நம்மவர் பலருக்கு இச்சொல் புதிது. அண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் மருத்துவர் 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் நகரில் தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்த மரபு இது. எலும்பு, தசை ஆகியவற்றைக் கைகளால் சீர்செய்யும் பயிற்சி இதில் சேர்க்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவருக்கும் எம்.டி. பட்டம் பெற்றவருக்கும் எல்லா மாநிலங்களிலும் ஒரே மருத்துவ உரிமை. 2020 முதல் பட்டத்துக்குப் பிந்திய பயிற்சியும் ஒரே அங்கீகார முறையின் கீழ் வந்துள்ளது. ஆனால் பிரித்தானியாவில் ஒஸ்டியோபத் என்றால் உடலியக்கச் சிகிச்சையாளர் மட்டுமே, மருத்துவர் அல்லர். ஆகவே நாடு மாறினால் பட்டத்தின் பொருளும் மாறக்கூடும். பின்னாளில் தாய்நாட்டில் பணிபுரிய எண்ணுபவர் அந்தந்த நாட்டு மருத்துவ சபையை முதலிலேயே கேட்டறிதல் வேண்டும்.

ஒரு மாணவிக்கு இத்தகைய இரு கல்லூரிகளில் இடம் கிடைத்ததாகக் கொள்வோம். ஒன்று அரசு சார்ந்தது. ஆண்டுக் கட்டணம் 25,000 டொலர் என்க. மற்றது தனியார் கல்லூரி. 60,000 டொலர் என்க. நான்காண்டுகளில் வேறுபாடு 1,40,000 டொலர். அதனைக் கடனாகப் பெற்று வட்டி 8 வீதமாயின், ஆண்டுக்கு 11,200 டொலர் வட்டியாகவே போகும். இரண்டிலும் கிடைப்பது ஒரே பட்டம். அமெரிக்காவில் 2025இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 யூலை முதல் மருத்துவம் போன்ற தொழில்சார் படிப்புகளைப் புதிதாகத் தொடங்குவோருக்கான மத்திய அரசின் கடன் ஆண்டுக்கு 50,000 டொலருக்கும் மொத்தம் 2,00,000 டொலருக்கும் மேற்படாது. எஞ்சியதற்குத் தனியார் கடன், அல்லது பெற்றோரின் வீடு.

அப்படியானால் மலிவானதே எப்போதும் சிறந்ததா? அவ்வாறும் அன்று. இறுதி இரு ஆண்டுகளின் மருத்துவமனைப் பயிற்சி எங்கே நடைபெறும், மாணவர் ஊர் ஊராக அலைய நேருமா, கல்லூரி புதிதாயின் பட்டதாரிகள் இதுவரை வெளிவந்துள்ளனரா, எத்தனை பேர் இடையில் நின்றனர், எத்தனை பேருக்குப் பயிற்சி இடம் கிடைத்தது என்பவற்றைக் கேட்க வேண்டும. இவற்றில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாயின், பெயருக்காகவும் கட்டடத்தின் பொலிவுக்காகவும் 1,40,000 டொலரைச் சுமப்பது விவேகமன்று.

கட்டணத்தைச் செலுத்துவது யார்?

கோபுரம் கட்டுபவர் தமது பணத்தைக் கணக்கிட்டார். நமது வீடுகளிலோ கட்டுபவர் ஒருவர், செலுத்துபவர் இன்னொருவர். இங்கேதான் நம் மனச்சாட்சி விழிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து வழக்கப்படி மகளுக்கென்று ஒதுக்கிய காணியும் நகையும் வீட்டின் கடைசிச் சேமிப்பு. அதனை ஈடுவைத்தால், கட்டணம் செலுத்துபவள் அந்த மகளே. "தம்பி படிக்கட்டும் அப்பா" என்று அவள் சொல்வாள். சொல்லாதிருக்க அவளுக்கு வழியுமில்லை. மௌனம் சம்மதமாகாது. அவளையும் அருகில் அமர்த்தி, எவ்வளவு, எத்தனை ஆண்டுகள், திருப்புவது யார், திருப்ப முடியாவிடில் அவள் நிலை என்ன என்று வெளிப்படையாகப் பேசி, அவள் மறுத்தால் அம்மறுப்பையும் மதிப்பதே நீதி. கனடாவில் இரண்டு வேலை செய்யும் அண்ணனும் அவ்வாறே. அவனுக்கும் மனைவி, பிள்ளைகள், முதுகுவலி எல்லாம் உண்டு. தொலைபேசியில் அவன் "பார்ப்பம்" என்று சொன்னதைக் காசோலையாக எண்ணிவிடக் கூடாது.

கடனின் இன்னொரு விலையை நோயாளி செலுத்துகிறார். நேப்பிள்ஸ் நகரின் மருத்துவர் புனித யோசேப்பு மொஸ்காத்தியை (1880 - 1927) திருச்சபை 1987இல் புனிதராக உயர்த்தியது. அவரது நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு கூடை இருந்ததாம். இயன்றவர் அதில் பணம் இடலாம். இல்லாதவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய கூடையை வைப்பதற்கு நல்ல மனம் தேவை. மாத இறுதியில் வட்டிக்காரர் வாசலில் நிற்காத வாழ்வும் தேவை. பெருங்கடனோடு வெளிவரும் இளம் மருத்துவர் நெடுந்தீவுக்கு வர விரும்பினாலும் அவரால் முடியுமா? தனியார் வைத்தியசாலையின் மாலை நேர வரிசையே அவரது கடனை அடைக்கும். தீவின் துயரைக் கண்டு மருத்துவராகப் புறப்பட்ட பிள்ளையைத் தீவுக்குத் திரும்ப முடியாதவராக்குவது அந்தக் கடன்தான்.

இது புதிய கவலையன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம்மவருக்கு மேற்கத்தைய மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரச உத்தியோகம் நாடிச் செல்வதைக் கண்ட அவர், கிராமங்களில் தங்கிப் பணிபுரியும் மருத்துவர் வேண்டும் என்று 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். எப்படிப் படிக்கிறோம் என்பதே எங்கே பணிபுரிவோம் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதை அவர் கண்டிருந்தார்.

அமர்ந்து கேட்க வேண்டியவை

அன்பான பெற்றோரே, முகவருக்கு முற்பணம் செலுத்துமுன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். குடும்பச் செபத்தின் பின் எல்லோரும் அமர்ந்து, ஒரு தாளில் சிலவற்றை எழுதுங்கள். முழுச் செலவு எவ்வளவு? டொலர் மேலும் ஏறினால் எவ்வளவு? பட்டத்தை அங்கீகரிக்கும் சபை எது, அதனிடமே நேரில் உறுதிசெய்தோமா? பதிவுப் பரீட்சையில் முதல் முறை தவறினால் அடுத்த ஆண்டை எவ்வாறு கடப்போம்? எவருடைய சொத்தை ஈடுவைக்கிறோம், அவருடைய முழுச் சம்மதம் உண்டா? ஈற்றாக, இந்த ஆசை பிள்ளையினுடையதா, எங்களுடையதா?

கடைசிக் கேள்விக்குப் பிள்ளையே பதிலளிக்கட்டும். திருவிழாவில் நாலுபேர் முன் "டொக்டரின் அம்மா" என்று அழைக்கப்படும் இன்பம் ஒரு நாளுக்குரியது. விருப்பமின்றிச் சுமந்த படிப்பு ஆயுள் முழுவதற்கும்.

அன்பான பிள்ளைகளே, வெட்டுப்புள்ளி உங்களை ஒரு பட்டியலில் வரிசைப்படுத்துகிறது. கடவுள் முன்னிலையில் உங்கள் மதிப்பை அது அளப்பதில்லை. பெரிய செலவுள்ள வழியே உங்களுக்குரியது என்று எல்லோரும் அறிந்து, இசைந்து தீர்மானித்தால், துணிந்து செல்லுங்கள். அக்காவின் காணி உறுதியை மீட்டுக் கொடுப்பதை உங்கள் முதல் கடமையாகக் கொள்ளுங்கள். குறைந்த செலவுள்ள வழியைத் தெரிந்தால், தலை குனியாமல் செல்லுங்கள். நள்ளிரவில் நெடுந்தீவின் இறங்குதுறையில் காத்திருக்கும் நோயாளி, உங்கள் கல்லூரி எந்த நாட்டில் இருந்தது என்று கேட்கமாட்டார். நீங்கள் வந்தீர்களா என்பதையே கேட்பார்.

தீவகத்தின் கரைகளில் போர் சிதைத்த வீடுகள் கூரையின்றி நிற்கின்றன. அவை நம் தவறால் அவ்வாறாகவில்லை. ஆனால் நாமே தொடங்கிக் கணக்கின்றிக் கைவிடும் கோபுரங்களுக்கு நாமே பொறுப்பாளிகள். மருத்துவராகிய புனித லூக்கா நமது இல்லங்களுக்காகப் பரிந்துபேசுவாராக. அமர்ந்து சிந்திக்கும் பொறுமையையும், உண்மையைப் பேசும் துணிவையும், எவரையும் வறியவராக்காமல் நன்மை செய்யும் ஞானத்தையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.